18 வயசு ஆகலைன்னா? பால்புதுமையர் பிள்ளைகளுக்காக குழந்தைகள் நலக் குழுவில் யார் பேசுவது?

தன்பாலீர்ப்பு கொண்ட ரெண்டு பேர் வீட்டை விட்டு வெளியேறுகிறார்கள். பெற்றோர் 'காணோம்' என்று போலீஸில் புகார் கொடுக்கிறார்கள். போலீஸ் என்ன செய்ய வேண்டும்?

இதற்கு சென்னை உயர் நீதிமன்றம் 2021 ஜூன் 7-ஆம் தேதியே பதில் சொல்லிவிட்டது. விசாரிக்கலாம், வாக்குமூலம் வாங்கலாம். சம்மதத்தோடு சேர்ந்திருக்கும் வயது வந்தவர்கள் என்று தெரிந்துவிட்டால், எந்தத் தொல்லையும் தராமல் புகாரை முடித்துவிட வேண்டும். மதுரையில் இருந்து சென்னைக்கு வந்து பாதுகாப்பு கேட்ட 2 இளம்பெண்களின் வழக்கில், நீதிபதி என்.ஆனந்த் வெங்கடேஷ் போட்ட உத்தரவு இது. இந்த விஷயம் தனக்கே முழுசாகப் புரியவில்லை என்று சொல்லி, ஒரு உளவியலாளரிடம் அவரே உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு எழுதியதால் இந்தியா முழுக்கப் பேசப்பட்டது.

அந்த உத்தரவில் பலரும் வேகமாகக் கடந்துபோகும் ஒரு சொல் இருக்கிறது: 'வயது வந்தவர்கள்'.

அப்படியானால் 16 வயதுப் பிள்ளைக்கு என்ன வழி?

மாங்காட்டில் இருந்து ஒரு பிள்ளை கிளம்பினால்...

ஒரு கற்பனைக்கு மாங்காட்டையே எடுத்துக்கொள்வோம். பிளஸ் 1 படிக்கும் ஒரு பிள்ளை. செல்போனில் இருந்த மெசேஜை வீட்டில் பார்த்துவிட்டார்கள். அடி, பூட்டிய அறை, 'சரி பண்ற' டாக்டரைத் தேடும் பேச்சு. பிள்ளை பஸ் ஏறி கோயம்பேட்டில் இறங்கிவிடுகிறது.

இப்போது யார் பொறுப்பு? மாங்காடு காவல் நிலையம் ஆவடி மாநகர காவல் ஆணையரகத்தில் வருகிறது. ஆனால் வருவாய்க் கணக்கில் ஊர் காஞ்சிபுரம் மாவட்டம், குன்றத்தூர் தாலுகா. பிள்ளை கண்டுபிடிக்கப்பட்ட இடமோ சென்னை மாவட்டம். குழந்தைகள் நலக் குழு மாவட்டத்துக்கு மாவட்டம் தனித்தனி. ஆக, புகார் ஓர் இடம், ஊர் ஓர் இடம், பிள்ளை ஓர் இடம். மேற்குப் புறநகரில் குடியிருப்பவர்களுக்கு இந்த எல்லைக் குழப்பம் புதுசு இல்லை. பட்டாவுக்கு ஒரு ஊர், எஃப்.ஐ.ஆருக்கு ஒரு ஊர் என்று அலைந்து பழகியவர்கள்தான். 16 வயதுப் பிள்ளைக்கு அந்த அலைச்சல் வேறு மாதிரி வலிக்கும்.

இளைஞர் நீதிச் சட்டம், 2015 சொல்வது இதுதான்: பாதுகாப்பு தேவைப்படும் குழந்தையை யார் கண்டெடுத்தாலும், பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழு முன் ஆஜர்படுத்த வேண்டும். கோயம்பேட்டில் கிடைத்த பிள்ளை முதலில் போவது பெரும்பாலும் சென்னைக் குழுவிடம். அதன்பின் 'சொந்த மாவட்டத்துக்கு அனுப்புங்க' என்ற பேச்சு வரும். இங்கேதான் சட்டத்தின் 95-வது பிரிவை வக்கீல் கையில் எடுக்கலாம். விசாரணை நடத்தி, இடமாற்றம் குழந்தையின் நலனுக்கு உகந்தது என்று திருப்தி அடைந்தால்தான் மாற்ற முடியும். ஊர் அந்த மாவட்டத்தில் இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக பார்சல் மாதிரி அனுப்பிவிட முடியாது.

'பாதுகாப்பு தேவைப்படும் குழந்தை' யார்?

சட்டத்தின் 2(14) பிரிவில் பெரிய பட்டியலே இருக்கிறது. பால்புதுமையர் என்ற சொல் அதில் இல்லை. ஆனால் அடித்துக் காயப்படுத்துகிறவர்களோடு, அல்லது அப்படி மிரட்டுகிறவர்களோடு வசிக்கும் குழந்தை என்ற வகை இருக்கிறது. அது பெற்றோராக இருந்தாலும் பொருந்தும். சட்டபூர்வ வயதுக்கு முன்பே கல்யாணம் செய்து வைக்கப்படும் ஆபத்தில் இருக்கும் குழந்தையும் இந்தப் பட்டியலில் உண்டு. 'கல்யாணம் பண்ணி வெச்சா எல்லாம் சரியாயிடும்' என்று ஒரு வீட்டில் முடிவெடுத்தால், அந்தப் பெண் பிள்ளை இந்தப் பாதுகாப்புக்குள் வந்துவிடுகிறார்.

இந்தச் சட்டத்தின் 3-வது பிரிவுதான் வக்கீல்களுக்குப் பெரிய ஆயுதம். குழந்தையின் கருத்தைக் கேட்க வேண்டும், அவமதிக்கும் சொற்களைப் பயன்படுத்தக் கூடாது, அந்தரங்கம் காக்க வேண்டும், இல்லத்தில் வைப்பது கடைசி வழியாகத்தான் இருக்க வேண்டும் என்று கொள்கைகளை அடுக்குகிறது. பாகுபாடு கூடாது என்று சொல்லும் இடத்தில் பால், சாதி, இனம், பிறந்த இடம், மாற்றுத்திறன் ஆகியவற்றைக் குறிப்பிடுகிறது. பாலின அடையாளம், பாலீர்ப்பு என்ற சொற்கள் இல்லை.

ஆனால் 2014 ஏப்ரல் 15-ஆம் தேதி நால்சா வழக்கிலும், 2018 செப்டம்பர் 6-ஆம் தேதி 377-வது பிரிவு வழக்கிலும் உச்ச நீதிமன்றம் சொன்னது என்ன? அரசியலமைப்பின் 15-வது பிரிவில் இருக்கும் 'பால்' என்ற சொல்லுக்குள் பாலின அடையாளமும் பாலீர்ப்பும் அடங்கும் என்பதுதான். அதே சொல்லை இளைஞர் நீதிச் சட்டத்திலும் அப்படியே படிக்க வேண்டும் என்று வாதாட முடியும். வாதாட ஆள் இருந்தால்!

'வீட்டுக்கே அனுப்பிடுங்க'

குழந்தைகள் நலக் குழு முன் வரும் வழக்குகளில் இயல்பான முடிவு எது தெரியுமா? குடும்பத்திடம் திருப்பி ஒப்படைப்பது. காணாமல் போன, கடத்தப்பட்ட, வேலைக்கு அனுப்பப்பட்ட பிள்ளைகளுக்கு அது நல்ல முடிவுதான். 40-வது பிரிவே, குடும்பத்தோடு மீண்டும் சேர்ப்பதும் பாதுகாப்பதும்தான் குழந்தைகள் இல்லத்தின் முதன்மை நோக்கம் என்கிறது.

வீடே ஆபத்தாக இருக்கும் பிள்ளைக்கு இந்த நல்லெண்ணமே வினையாகிவிடுகிறது. குழு முன் அம்மா அழுகிறார். 'இனிமே கை வைக்க மாட்டோம்' என்று அப்பா எழுதிக் கொடுக்கிறார். பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு 'போறேன்' என்று சொல்கிறது. ஏன் அடித்தார்கள் என்ற கேள்விக்கு யாரும் வாய் திறக்கவில்லை. பெற்றோருக்கு வெட்கம், பிள்ளைக்குப் பயம். கோப்பில் 'குடும்பத் தகராறு' என்று எழுதி மூடப்படலாம்.

இந்த இடத்தில் குழந்தைக்காக ஒரு வக்கீல் இருந்தால் அவர் செய்யக்கூடிய வேலை பெரிய சட்ட வாதம்கூட இல்லை. பிள்ளையைத் தனியாக விசாரிக்கச் சொல்வது. 15 நாளுக்குள் முடிக்க வேண்டிய சமூக விசாரணை அறிக்கையில் வீட்டில் நடந்த வன்முறை இடம்பெறுகிறதா என்று பார்ப்பது. அதே நேரம், பிள்ளை சொல்ல விரும்பாத அடையாளம் அந்த அறிக்கை வழியாக அக்கம்பக்கத்துக்கும் பள்ளிக்கும் கசியாமல் தடுப்பது. திருப்பி அனுப்பினாலும் கண்காணிப்போடு அனுப்பக் கேட்பது. 37-வது பிரிவு அதற்கு இடம் தருகிறது. இறுதி உத்தரவுக்கு 4 மாதம் வரை அவகாசம் இருக்கிறது. முதல் நாளே முடிவெடுக்க வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை.

அந்த வக்கீல் எங்கிருந்து வருவார்? சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டம், 1987-ன் 12-வது பிரிவுப்படி குழந்தைகளுக்கு இலவச சட்ட உதவி உண்டு. வருமானச் சான்றிதழ் கேட்கக் கூடாது. அப்பா கார் வைத்திருந்தாலும் பிள்ளைக்கு உரிமை உண்டு. குற்ற வழக்கில் சிக்கிய சிறாரை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமம், ஒவ்வொரு குழந்தைக்கும் சட்ட உதவி கிடைப்பதை உறுதி செய்ய வேண்டும் என்று 8-வது பிரிவு சொல்கிறது. குழந்தைகள் நலக் குழுவுக்கும், தேவையான சட்டச் சேவையைப் பெற்றுத் தரும் வேலை 30-வது பிரிவில் இருக்கிறது. என்ன வித்தியாசம் என்றால், குழுமத்தில் போலீஸ், வழக்கு, ஜாமீன் எல்லாம் இருப்பதால் வக்கீலின் தேவை எல்லாருக்கும் தெரிகிறது. நலக் குழுவில் 'நல்லதுதானே செய்யப் போறோம், வக்கீல் எதுக்கு?' என்ற எண்ணம் எளிதாக வந்துவிடும்.

ரெண்டே கதவு: ஆண், பெண்

வீட்டுக்கு அனுப்பவில்லை என்றால் அடுத்து இல்லம். இங்கே இல்லங்கள் ஆண் குழந்தைகளுக்கு, பெண் குழந்தைகளுக்கு என்று ரெண்டு வகைதான். தன்னைப் பெண்ணாக உணரும் 15 வயதுத் திருநங்கைப் பிள்ளையை ஆதார் அட்டையைப் பார்த்து ஆண் குழந்தைகள் இல்லத்துக்கு அனுப்பினால் அங்கே என்ன நடக்கும் என்பதை ஊகிக்க சட்டப் படிப்பு தேவையில்லை.

இல்லம் என்றாலே பாதுகாப்பு என்று நினைக்க முடியாது. 2022 டிசம்பர் கடைசியில், திருட்டு வழக்கில் பிடிபட்டு செங்கல்பட்டு கூர்நோக்கு இல்லத்தில் வைக்கப்பட்ட 17 வயதுச் சிறுவன் அடித்துக் கொல்லப்பட்டதும், இல்லத்தின் ஊழியர்களே கைதானதும் பலருக்கு நினைவிருக்கலாம். அதன்பின் இல்லங்களைப் பற்றி ஆராய ஓய்வுபெற்ற நீதிபதி கே.சந்துரு தலைமையில் ஒரு நபர் குழுவை தமிழ்நாடு அரசு அமைத்தது. 2023 நவம்பரில் அவர் அறிக்கை கொடுத்தார். ஊருக்கே தெரிந்த வழக்கிலேயே நிலைமை இது. 'நடையைப் பாரு' என்று தினமும் கேலி செய்யப்படும் பிள்ளை யாரிடம் போய்ச் சொல்லும்? இல்லத்தின் பொறுப்பில் இருப்பவர் குழந்தையைக் கொடுமைப்படுத்தினால் 5 ஆண்டு வரை சிறை, 5 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்கிறது 75-வது பிரிவு. மனரீதியான துன்பமும் இதில் சேரும்.

சரி, திருநர்களுக்கென்று தனி இல்லம் இல்லையா? மத்திய அரசின் 'கரிமா கிரே' இல்லங்கள் இருக்கின்றன, சென்னையிலும் உண்டு. ஆனால் சேர 18 வயது ஆகியிருக்க வேண்டும். மறுபடியும் அதே சுவர்.

2019-ல் இயற்றப்பட்ட திருநர் பாதுகாப்புச் சட்டத்தின் 12-வது பிரிவு, திருநர் என்ற காரணத்துக்காக எந்தக் குழந்தையையும் பெற்றோரிடம் இருந்து பிரிக்கக் கூடாது என்கிறது. குழந்தையின் நலனுக்காக நீதிமன்றம் உத்தரவிட்டால் மட்டும் விதிவிலக்கு. குடும்பத்தால் பார்த்துக்கொள்ள முடியாவிட்டால், நீதிமன்றம் மறுவாழ்வு மையத்துக்கு அனுப்பும். குடும்பம் அல்லது மையம், அவ்வளவுதான்.

ஆனால் தமிழ்நாட்டில் காலங்காலமாக நடப்பது வேறு. வீட்டை விட்டு வந்த பிள்ளைக்கு ஒரு மூத்த திருநங்கை 'அம்மா' ஆகி, மகளாக ஏற்றுக்கொள்ளும் முறை இருக்கிறது. சட்டம் அந்த உறவைப் பார்க்கவே இல்லை. பார்க்காதது மட்டுமில்லை, அந்த அம்மா மீது ஆள்கடத்தல் வழக்கும் பாயலாம். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் பாதுகாவலரிடம் இருந்து கடத்தல் என்பதற்கு ஆண் பிள்ளைக்கு வயது வரம்பு 16, பெண் பிள்ளைக்கு 18. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் எல்லாருக்கும் 18. ஆவணத்தில் 'ஆண்' என்று இருக்கும் 17 வயதுத் திருநங்கைக்கு இடம் கொடுத்தவர் முன்பு இந்தப் பிரிவில் மாட்ட மாட்டார், இப்போது மாட்டலாம். பரிதாபப்பட்டு பிள்ளையை வீட்டில் வைத்துக்கொள்ள நினைப்பவர்கள், அன்றைக்கே 1098-க்குத் தகவல் சொல்லி நலக் குழு முன் நிற்பதுதான் ரெண்டு பேருக்கும் பாதுகாப்பு.

ஒரு சின்ன வாசல் திறந்திருக்கிறது. 52-வது பிரிவுப்படி, பின்னணியைச் சரிபார்த்து எந்த நபரையும் 'தகுதியுள்ள நபர்' என்று குழு அங்கீகரித்து, குழந்தையைத் தற்காலிகமாக அவரிடம் ஒப்படைக்கலாம். பிள்ளையைப் புரிந்துகொண்ட ஒரு சித்தி, மாமா, ஏன், ஒரு திருநங்கைகூட விண்ணப்பிக்க அந்தப் பிரிவின் சொற்களில் தடை இல்லை. 44-வது பிரிவில் வளர்ப்புப் பராமரிப்பும் இருக்கிறது. 2024-ல் வந்த வழிகாட்டுதலில் திருமணமாகாத தனி நபர்களும் வளர்ப்புப் பெற்றோர் ஆக வழி உண்டு. வெளிநாடுகளில் 'ஃபாஸ்டர் கேர்' என்றால் ஒரு வீடு நினைவுக்கு வரும். நம் ஊரில் பாதுகாப்பு என்றாலே 'ஹாஸ்டல்' என்றாகிவிட்டது.

குற்ற வழக்கு என்றால்?

ரெண்டு பேருக்கும் 17 வயது, ஒரே பால், இருவருக்கும் விருப்பம். ஒருவர் வீட்டில் புகார் கொடுத்தால்? 377-வது பிரிவு இனி இல்லை. புதிய சன்ஹிதாவில் அதற்கு இணையான பிரிவே கிடையாது. ஆனால் போக்சோ இருக்கிறது. 18 வயதுக்குக் கீழே சம்மதத்துக்கு அங்கே மதிப்பு இல்லை. எந்த வீடு முதலில் ஸ்டேஷனுக்குப் போகிறதோ, அந்த வீட்டுப் பிள்ளை 'பாதிக்கப்பட்டவர்', இன்னொரு பிள்ளை 'சட்டத்துக்கு முரண்பட்ட சிறார்'.

விடலைப் பருவக் காதல் வழக்குகளில் போக்சோ அளவுக்கு மீறிப் பயன்படுத்தப்படுவதைப் பற்றி, இதே நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் 2021 ஜனவரியில் ஒரு வழக்கை ரத்து செய்தபோது கவலை தெரிவித்திருக்கிறார். அது ஆண்-பெண் காதல் வழக்கு. அந்த வாதம் தன்பாலீர்ப்புப் பிள்ளைகளுக்கும் பொருந்தும் என்று வாதாட வேண்டியது வக்கீல்களின் வேலை.

ஜாமீனிலும் ஒரு சிக்கல். சிறாருக்கு ஜாமீன் தருவதுதான் விதி. மறுக்க 12-வது பிரிவு சொல்லும் காரணங்களில் ஒன்று, வெளியே விட்டால் 'ஒழுக்க ரீதியான' ஆபத்து நேரும் என்பது. யாருடைய ஒழுக்கம், யார் அளக்கிறார்கள்? குழுமத்தில் ஒரு நீதித்துறை நடுவரோடு 2 சமூகப் பணியாளர்கள் உட்கார்ந்திருப்பார்கள். 'இது கெட்ட சகவாசம்' என்று அவர்களில் ஒருவர் நினைத்துவிட்டால், பிள்ளை கூர்நோக்கு இல்லத்திலேயே இருக்க நேரிடும்.

அமெரிக்காவில் என்ன நடந்தது?

நியூயார்க்கில் அரசுப் பராமரிப்பில் இருந்த 17 வயதுத் திருநங்கை ஒருவர், ஆண் பிள்ளைகள் விடுதியில் பாவாடை அணியக் கூடாது என்ற தடையை எதிர்த்து வழக்குப் போட்டு 2003-ல் ஜெயித்தார். உடைதானே என்று தோன்றலாம். அரசின் பராமரிப்பில் இருக்கும் பிள்ளையின் அடையாளத்தையும் அரசு மதிக்க வேண்டும் என்பதற்கு அது முன்னுதாரணம் ஆனது.

2006-ல் ஹவாய் வழக்கு இன்னும் முக்கியம். சிறார் சீர்திருத்த மையத்தில் கேலிக்கும் வன்முறைக்கும் ஆளான 3 பிள்ளைகள் வழக்குத் தொடுத்தார்கள். 'பாதுகாப்புக்காகத்தான்' என்று சொல்லி அவர்களைத் தனிமையில் அடைத்து வைத்திருந்தது நிர்வாகம். அதை ஏற்க முடியாது என்றது கூட்டாட்சி நீதிமன்றம். 'தனி ரூம் கொடுத்துட்டோம், பிரச்சினை முடிஞ்சுது' என்று நம் ஊர் இல்லம் ஒன்று சொன்னாலும் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: பூட்டப்பட வேண்டியவர் அடித்தவரா, அடி வாங்கியவரா?

2021-க்குப் பிறகு இங்கே என்ன மாறியது?

மாற்றமே இல்லை என்று சொல்ல முடியாது. எல்ஜிபிடிக்யூ சமூகத்தினரைத் துன்புறுத்தக் கூடாது என்று போலீஸ் நடத்தை விதிகளில் 24-சி என்ற புதிய விதியை 2022-ல் தமிழ்நாடு அரசு சேர்த்தது. பாலீர்ப்பை 'மாற்றும்' சிகிச்சை தொழில்முறைத் தவறு என்று தேசிய மருத்துவ ஆணையம் அதே ஆண்டு அறிவித்தது. மாங்காட்டுப் பிள்ளைக்குத் தேடிய 'சரி பண்ற' டாக்டர் மீது மருத்துவக் கவுன்சிலில் புகார் கொடுக்கலாம். இதற்கு 18 வயது வரம்பு கிடையாது. ஊடுபால் குழந்தைகளுக்கு, உயிருக்கு ஆபத்து என்றால் ஒழிய, பாலினத்தை மாற்றும் அறுவை சிகிச்சை கூடாது என்று மதுரைக் கிளை 2019-லேயே சொன்னதும், அதை ஏற்று அரசாணை வந்ததும் குழந்தைகளுக்கு நேரடியாகக் கிடைத்த பாதுகாப்பு.

2022 ஆகஸ்டில் அரசிதழில் சொற்பட்டியல் ஒன்றும் வந்தது. 'குயர்' என்பதற்குப் 'பால்புதுமையர்'. 2025 மே மாதம் வேலூர் மாவட்டப் பெண் ஒருவரைக் குடும்பத்தின் பிடியில் இருந்து விடுவித்த நீதிபதிகள் ஜி.ஆர்.சுவாமிநாதன், வி.லட்சுமிநாராயணன் அமர்வு, அந்த ஆங்கிலச் சொல்லுக்கு அகராதியில் 'விசித்திரமான' என்ற பொருள் இருப்பதாகச் சங்கடப்பட்டது. தமிழ்ச் சொல்லில் அந்தச் சங்கடம் இல்லை. அந்தத் தீர்ப்பில் 'தேர்ந்தெடுத்த குடும்பம்' என்ற கருத்தை நீதிமன்றம் ஏற்றது, புகாரைக் கண்டுகொள்ளாத போலீஸையும் கண்டித்தது. அதாவது 24-சி வந்து 3 ஆண்டு கழித்தும் போலீஸைக் கண்டிக்க வேண்டியிருந்தது.

பள்ளிகள் விஷயத்தில் பின்னடைவுதான். 2021 உத்தரவு பள்ளிகளில் ஆலோசகர்கள், பொதுவான கழிப்பறை, சான்றிதழில் பெயர்-பாலினம் மாற்றும் வசதி எல்லாம் கேட்டிருந்தது. அதே ஆண்டு ஆசிரியர்களுக்காக என்.சி.இ.ஆர்.டி. தயாரித்த திருநர் குழந்தைகள் கையேடு, தேசிய குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் ஆட்சேபித்ததும் இணையத்தில் இருந்து இறக்கப்பட்டது. அவசரப்பட்டு நீக்கியதை உயர் நீதிமன்றம் விமர்சித்தது.

உச்ச நீதிமன்றம் 2024 மார்ச் 11-ஆம் தேதி ஆட்கொணர்வு வழக்குகளுக்கு வழிகாட்டுதல் தந்தது. அதில் வயதைப் பற்றிப் பேசும் இடம் கவனிக்க வேண்டியது. மைனர் என்று குடும்பம் சொல்வதை வைத்து எடுத்த எடுப்பிலேயே மனுவைத் தள்ளுபடி செய்யக் கூடாது. சம்பந்தப்பட்டவரைத் தனியாக, அவர் விரும்பும் பெயரில் அழைத்துப் பேச வேண்டும். அடையாளத்தை மாற்றும் நோக்கில் 'கவுன்சிலிங்' கொடுக்கக் கூடாது. இது நீதிமன்றங்களுக்குச் சொன்னது. குழந்தைகள் நலக் குழுக்களுக்கும் இதே மாதிரி ஒரு பக்கச் சுற்றறிக்கை அனுப்ப மாநில அரசுக்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை.

யாரை அழைப்பது?

குழந்தைகள் உதவி எண் 1098, நாள் முழுக்க இலவசம். பிள்ளையே அழைக்கலாம், ஆசிரியரோ பக்கத்து வீட்டுக்காரரோகூட அழைக்கலாம். சட்ட உதவிக்கு 15100. அழைக்கும்போது 'குழந்தைகள் நலக் குழு முன் ஆஜராக எனக்கு வக்கீல் வேண்டும்' என்று குறிப்பாகக் கேட்பது நல்லது. குழுவின் உத்தரவு சரியில்லை என்றால் 30 நாளுக்குள் சிறார் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம். வளர்ப்புப் பராமரிப்பு தொடர்பான முடிவு என்றால் மாவட்ட ஆட்சியரிடம். பிள்ளையின் பெயர், படம், பள்ளி எதையும் வெளியிட 74-வது பிரிவு தடை போடுகிறது. வாட்ஸ்அப் குரூப்பில் 'காணவில்லை' என்று போட்டோ பகிர்ந்திருந்தால், பிள்ளை கிடைத்ததும் அதை நீக்கச் சொல்லுங்கள்.

18 முடிந்து இல்லத்தை விட்டு வெளியே வரும் பிள்ளைக்கு 21 வயது வரை பிற்காப்பு உதவி கேட்கும் உரிமை உண்டு.